திபேரியுவின் தெனாரியமும் கேளம்பாக்கத்து நிலமும்

நிலத்தில் மறைந்திருந்த புதையல் உவமையைப் பல முறை திருப்பலியில் கேட்டிருக்கிறோம். பிறருடைய நிலத்தில் புதையலைக் கண்ட ஒருவன், தன் உடைமை யாவற்றையும் விற்று அந்த நிலத்தை வாங்கிக்கொண்ட கதை அது. மறையுரைகளில் புதையலின் மதிப்பே பேசப்படும். நிலத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் அம்மனிதன் புதையலை மட்டும் பெயர்த்துக்கொண்டு இரவோடு இரவாக ஓடிவிடவில்லை. நிலத்தையே வாங்கினான். இந்தச் சிறு செய்தியின் பொருள், சென்ற ஆண்டு கேளம்பாக்கத்தில் ஒரு வயல்வரப்பில் நின்றபோதுதான் நமக்கு உறைத்தது.

நம் நண்பர் ஒருவருக்கு அங்கே பரம்பரை நிலம் உண்டு. ஒரு பக்கம் உப்பளமும் கழிமுகமும். மறு பக்கம் பழைய மகாபலிபுரம் சாலையோரத்துக் கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள். நடுவில் சிக்கிக்கொண்ட சில ஏக்கர்களில் பயிர் வைத்துக் கட்டுப்படியாகவில்லை. விற்பதென்று முடிவாயிற்று. அவ்வேளையில் இங்கிலாந்தில் பணியாற்றும் அவருடைய மகன் விடுமுறையில் வந்தான். பெட்டியில் ஒரு மெட்டல் டிடெக்டரும் வந்தது. அந்நாட்டில் வார இறுதிகளில் உழவர்களின் அனுமதியோடு வயல்களில் ரோமானியக் காசு தேடுவது பலருக்குப் பொழுதுபோக்கு. தன் தாத்தாவின் நிலத்திலும் ஒரு முறை தேடிவிட வேண்டும் என்பது அவன் ஆசை.

“ஐயா, நிலம் கைமாறுவதற்குள் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்கிறான். பார்ப்பதில் என்ன பாவம்?” என்று நண்பர் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று நாம் தந்த விடை அரைகுறையானது. இக்கட்டுரை அதை நிறைவு செய்யும் முயற்சி.

கேளம்பாக்கத்தில் ரோமானியக் காசு தேடுவது வெறும் கற்பனையா? அப்படிச் சொல்லிவிட முடியாது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடற்பயணக் கையேடு நம் கிழக்குக் கடற்கரைத் துறைமுகங்கள் சிலவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதில் வரும் சோபட்மாவை உப்பளங்கள் சூழ்ந்த மரக்காணம் என்று அறிஞர் பலர் கொள்வர். அடுத்த நூற்றாண்டில் தாலமி தம் புவியியல் நூலில் தரும் ஊர்ப் பட்டியலில் மயிலாப்பூரைக் காண்போரும் உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையன் நாட்டின் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தையும் அங்கே கலங்கரை விளக்கத்தையும் காட்டுகிறது. அது மாமல்லபுரமே என்பாரும், பாலாற்று முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள வசவசமுத்திரம் என்பாரும் உளர். தியோடோசியஸ் பேரரசரின் காசு ஒன்று மாமல்லபுரத்தில் கிடைத்ததாகப் பழைய பதிவும் உண்டு. மயிலாப்பூரிலிருந்து மரக்காணம் வரை நீளும் இக்கடற்கரையின் ஓரத்தில்தான் கேளம்பாக்கம் இருக்கிறது.

ஆயினும் தமிழகத்தில் ரோமானியக் காசுகள் குவியலாகக் கிடைத்தது இக்கடற்கரையில் அன்று. உள்நாட்டில், குறிப்பாகக் கொங்கு நாட்டில். கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் வெளிப்பட்டன. உடுமலைப்பேட்டைப் பகுதியில் பூதிநத்தத்தில் 1946இல் கிடைத்தவை ஏறத்தாழ 1,400. அவற்றில் பெரும்பகுதி திபேரியு மன்னனுடையவை; எஞ்சியவை அவனுக்கு முன் ஆண்ட அகுஸ்துவினுடையவை. கி.பி. 64இல் நீரோ மன்னன் வெள்ளிக் காசின் எடையையும் தரத்தையும் குறைத்தான். அதற்கு முந்தைய நல்ல வெள்ளியையே நம் நாட்டு வணிகர் விரும்பினர் என்பது இக்குவியல்களிலிருந்து தெரிகிறது.

அகுஸ்து, திபேரியு என்னும் இப்பெயர்கள் நமக்குப் புதியவை அல்ல. அகுஸ்துவின் ஆட்சியில் ஆண்டவர் பிறந்தார்; திபேரியுவின் ஆட்சியில் பாடுபட்டார். சீசருக்கு வரி செலுத்துவது முறையா என்று பரிசேயர் சோதித்தபோது, அவர் கேட்டு வாங்கிய தெனாரியத்தில் இருந்தது திபேரியுவின் உருவமே என்பது பெரும்பாலோர் கருத்து. ஒரு புறம் மன்னனின் தலை. மறு புறம் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் ஒரு பெண். அதே வார்ப்புக் காசுதான் கொங்கு நாட்டுப் பானைகளிலும் நூற்றுக்கணக்கில் இருந்தது. எருசலேம் ஆலய முற்றத்தில் ஒருவர் கையில் இருந்த காசின் உடன்பிறப்பு, மிளகுக்கும் மணிகளுக்கும் விலையாக நம் மண்ணுக்கு வந்து சேர்ந்தது என்று எண்ணும்போது மெய்சிலிர்க்கிறது. நண்பரின் மகனுக்கு இருந்த ஆசையை நாம் இகழவில்லை. நமக்கும் அது உண்டு.

அவன் கருவியை இயக்கிக் காட்டினான். நீண்ட தண்டின் அடியில் ஒரு வட்டத் தட்டு. அதற்குள் கம்பிச் சுருள். சுருளில் மாறுமின்சாரம் பாயும்போது மண்ணுக்குள் காந்தப் புலம் பரவுகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் தூண்டப்பட்டு, அதுவும் ஒரு புலத்தை எழுப்பும். கருவி அதை உணர்ந்து ஒலிக்கும். தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல், 1881இல் சுடப்பட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் குண்டு எங்கே இருக்கிறது என்று அறிய இத்தகைய கருவியையே பயன்படுத்தினார், குண்டு அகப்படவில்லை. இரண்டாம் உலகப் போரில் கண்ணிவெடி தேட உதவியதும் இதே முறை. ஒரு காசை இக்கருவி அறிவது பெரும்பாலும் ஓர் அடி ஆழத்துக்குள்தான். ஈரமும் உப்பும் சேர்ந்த மண்ணோ தானே மின்சாரத்தைக் கடத்தும். ஒன்றுமில்லாத இடத்திலும் கருவியை அலற வைக்கும். கேளம்பாக்கத்து மண்ணுக்கு அந்தக் குணம் நிறையவே உண்டு.

இங்கிலாந்தில் இக்கருவியால் பெரும் புதையல்கள் கிடைத்தது உண்மை. ஆனால் அங்கே போற்றப்படும் இரண்டு நிகழ்ச்சிகளைக் கூர்ந்து நோக்க வேண்டும். 1992 நவம்பரில் சஃபோக் பகுதியின் ஹாக்ஸ்ன் ஊரில், ஓர் உழவர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேட எரிக் லாஸ் என்பவர் தம் கருவியோடு சென்றார். கிடைத்தவை தங்கச் சங்கிலிகளும் வெள்ளிக் கரண்டிகளும் காசுகளும். சிறிது தோண்டியதும் அவர் நிறுத்திக்கொண்டு அதிகாரிகளுக்குச் செய்தி அனுப்பினார். மறுநாள் தொல்லியலாளர் வந்து முறைப்படி அகழ்ந்தனர். ஏறத்தாழ 15,000 காசுகளோடு, மட்கிப்போன மரப்பெட்டியின் தடமும், சிறு வெள்ளிப் பூட்டுகளும், பொருள்களை வைக்கோலிலும் துணியிலும் பொதிந்து வைத்த அடையாளமும் தெரியவந்தன. ஒரு குடும்பம் எவ்வளவு பொறுமையாகத் தன் செல்வத்தை அடுக்கி மூடியது என்பது நம் கண்முன் வருகிறது. அவசரக் கைகள் அனைத்தையும் அள்ளியிருந்தால் பொன் மிஞ்சியிருக்கும். அந்தக் குடும்பம் மறைந்திருக்கும்.

2010இல் ஃப்ரோம் நகருக்கு அருகில் டேவ் கிரிஸ்ப் என்பவரும் ஒரு பானையின் வாயைக் கண்டதும் கையை எடுத்துக்கொண்டார். பானைக்குள் 52,503 காசுகள். தொல்லியலாளர் அவற்றை அடுக்கடுக்காக எடுத்தனர். அனைத்திலும் பிந்திய மன்னனான கராசியஸின் காசுகளில் பெரும்பாலானவை பானையின் கீழ்ப்பாதியில் இருந்தன. சிறுகச் சிறுகச் சேர்த்த உண்டியலாக இருந்திருந்தால் அவை மேலே இருந்திருக்கும். எனவே பானை ஒரே வேளையில் நிரப்பப்பட்டது என்று தெளிந்தது. இச்செய்தி எந்தக் காசிலும் எழுதப்படவில்லை. காசு கிடந்த இடத்தில் எழுதப்பட்டிருந்தது. அந்த உழவனும் கருவிக்காரனும் நமக்குத் தரும் பாடம், தேடிக் கண்டதில் இல்லை. கண்டதும் நிறுத்தியதில் இருக்கிறது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். கருவிக்குக் கேட்பது உலோகம் மட்டுமே. நம் கடற்கரை வரலாறோ பெரும்பாலும் மண்ணால் ஆனது. வசவசமுத்திரத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1970ஐ ஒட்டி நடத்திய அகழாய்வில் உறைகிணறுகள், செங்கல் தொட்டிகள், கூம்பு வடிவ ஜாடிகளின் துண்டுகள், உட்புறம் புள்ளி வட்டங்கள் பதித்த ரௌலட்டட் வகைத் தட்டுகளின் ஓடுகள் ஆகியன வெளிப்பட்டன. அங்கே பழங்கால வணிகம் நடந்ததற்குச் சாட்சி கூறியவை இவையே. ஒன்றுகூடக் கருவியை ஒலிக்கச் செய்யாது.

புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்தபோதும் இதுவே நேர்ந்தது. இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் சிவப்புத் தட்டு ஓடுகள் அங்கே கிடைத்தன. அவை செய்யப்பட்ட காலம் ஐரோப்பாவில் தெரிந்திருந்தது. ஆகவே அதே மண்ணடுக்கில் கிடந்த நம் நாட்டுப் பானைகளுக்கும் காலம் குறிக்க முடிந்தது. அதுவரை ஆண்டு தெரியாமல் தவித்த தென்னிந்தியத் தொல்லியலுக்குக் கால்கொள்ள ஓர் இடம் கிடைத்தது. உடைந்து எறியப்பட்ட ஒரு சோற்றுத் தட்டு செய்த பணி அது. அந்த ஓடு எந்த அடுக்கில் கிடந்தது என்று குறிக்காமல் யாரேனும் எடுத்திருந்தால், அது வெறும் குப்பையே.

பின்னாளில் ஆய்வு இன்னும் நுட்பமாயிற்று. ரௌலட்டட் தட்டுகள் மேலை நாட்டிலிருந்து வந்தவை என்று வீலர் கருதினார். அவை இந்தியாவிலேயே செய்யப்பட்டவை என்று பின்வந்தோர் காட்டினர். ரோமானிய மது ஜாடி என்று இந்தியாவின் பல ஊர்களில் பெயரிடப்பட்டிருந்த ஓடுகளில் கணிசமானவை மெசபொத்தாமியாவிலிருந்து வந்தவை என்று ரோபெர்ட்டா டோம்பர் எடுத்துக்காட்டினார். ஓடுகளும் அவை கிடந்த இடக் குறிப்பும் பத்திரமாக இருந்ததால்தான் பழைய பிழையைத் திருத்த முடிந்தது. மண் பொய் சொல்வதில்லை. நாம் தவறாகக் கேட்டால், மறுபடி கேட்க இடம் தருகிறது.

இன்னோர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். கேளம்பாக்கத்துக்குத் தெற்கே திருப்போரூர் வட்டாரத்துச் சிறுதாவூரில் பெருங்கற்காலக் கல்வட்டங்களும் ஈமப்பேழைகளும் இருக்கின்றன. செங்கற்பட்டுச் சீமை முழுவதும் இத்தகைய கல்லறைகள் பரவிக் கிடக்கின்றன. இறந்தவரோடு இரும்பு வாளையும் ஈட்டியையும் வைத்துப் புதைப்பது அக்கால வழக்கம். காசு தேடும் கருவி அந்த இரும்புக்கும் ஒலிக்கும். ஒலி கேட்ட இடத்தில் மண்வெட்டி இறங்கினால், அது ஒருவருடைய கல்லறையின் மேல் இறங்கும். கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்றும் நாம், பெயர் தெரியாத அம்மூதாதையரின் உறக்கத்தையும் மதிக்கக் கடமைப்பட்டவர்கள்.

அவசரத்தால் தமிழகம் இழந்தது கொஞ்சமன்று. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்துக் காசு எடுப்பது நெடுநாள் வழக்கம். ரோமானியச் செப்புக் காசுகளும் சங்க கால மன்னர் காசுகளும் அதில் கிடைத்தன. எடைக்கு விற்கப்பட்டு உருக்கப்பட்டவை போக, எஞ்சியவற்றில் சிலவற்றை இரா. கிருஷ்ணமூர்த்தி போன்ற நாணயவியலாளர் தேடி வாங்கி நூலாக்கியதால் அவை பிழைத்தன. புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் 1898இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகள் ஒருசேரப் பார்வையிடப்பட்டதால்தான், அவற்றில் பெரும்பாலானவற்றில் மன்னன் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருந்தது என்னும் விந்தை தெரியவந்தது. இனிக் காசாக அன்றி வெறும் பொன்னாகவே எடை போடப்பட வேண்டும் என்பதற்காக அப்படி வெட்டினர் என்பது ஒரு கருத்து. அக்குவியல் பத்துக் கைகளுக்குப் பிரிந்து போயிருந்தால், ஒவ்வொருவரும் தம் கையில் இருப்பது பழுதுபட்ட காசு என்றே நினைத்திருப்பர்.

பிறரைக் குறை கூறுமுன் நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சிறுவயதில் ஒரு புயலுக்கு மறுநாள் மாமல்லபுரம் கடற்கரையில் பச்சை படிந்த செப்புக் காசு ஒன்று நமக்குக் கிடைத்தது. வீட்டுக்கு வந்து புளி வைத்துத் தேய்த்தோம். குத்துவிளக்குப் போலப் பளபளத்தது. ஆண்டுகள் கழித்து அதை நாணயம் அறிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டியபோது அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “பச்சைதான் இதன் தோல். தோலை உரித்துவிட்டீர்கள்; முகமும் போய்விட்டது” என்றார். கடற்கரையில் எந்த இடம், எந்த ஆண்டுப் புயல் என்று கேட்டார். நமக்கு நினைவில்லை. அது சோழர் காசா, பல்லவர் காசா, கடல் கடந்து வந்ததா என்று இனி எவராலும் சொல்ல இயலாது. அந்தக் காசு இன்னும் நம் மேசை இழுப்பறையில் கிடக்கிறது, ஊமையாக.

காசு ஊமையாகாமல் இருந்தால் என்ன பேசும் என்பதற்குத் தமிழகத் திருச்சபைக்கு நெருக்கமான சான்று ஒன்று உண்டு. மூன்றாம் நூற்றாண்டில் சிரியாக்கு மொழியில் எழுதப்பட்ட ‘தோமாவின் பணிகள்’ என்னும் நூல், திருத்தூதர் தோமையார் கொந்தோபர் என்னும் இந்திய அரசனிடம் வந்ததாகக் கூறுகிறது. அப்படி ஓர் அரசன் இருந்ததற்கு வேறு ஆதாரமே இல்லாதிருந்தது. கதைப் பாத்திரம் என்று பலர் ஒதுக்கினர். 1830களில் காபூல், பஞ்சாப் பகுதிகளில் திரட்டப்பட்ட காசுகளில் அவன் பெயர் வாசிக்கப்பட்டது. பின்னர் தக்த்-இ-பாகி கல்வெட்டு அவன் முதல் நூற்றாண்டில் ஆண்டதை உறுதி செய்தது. இது நூலில் உள்ள அனைத்தையும் மெய்ப்பித்துவிட்டதாகக் கொள்ளலாகாது; அரசன் உண்மை என்பதை மட்டுமே காட்டுகிறது. ஆனால் நூற்றாண்டுகளாக மறந்துபோன ஒரு பெயரை மண் காத்துத் திரும்பத் தந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் நிலமுள்ளோர் அறிந்திருப்பது நல்லது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. மண்ணில் மறைந்திருந்து கிடைப்பது பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின், என்ன கிடைத்தது, எங்கே, எந்த நாளில் என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். மறைத்தால் சிறைத்தண்டனையும் உண்டு. அரசு அதை எடுத்துக்கொள்ளும்போது, பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கவும் அச்சட்டம் வழிசெய்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை உரிமமின்றி வாணிபம் செய்யவும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. சட்டம் கேட்கும் மூன்று செய்திகளைப் பாருங்கள்: என்ன, எங்கே, என்று. தொல்லியலாளர் கேட்பதும் அவையே. கிணறு வெட்டும்போதோ, வீட்டுக்கும் ஆலயத்துக்கும் கடைக்கால் தோண்டும்போதோ பழம்பொருள் தென்பட்டால், கையை நிறுத்துவதும், கிடந்த நிலையிலேயே ஒரு படம் எடுப்பதும், சர்வே எண்ணையும் ஆழத்தையும் குறித்து கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்வதும் எவராலும் இயலும்.

இனி நண்பரின் நிலத்துக்குத் திரும்புவோம். நாம் போய்ச் சேருமுன்பே இரண்டு நாள் தேடல் நடந்து முடிந்திருந்தது. கிடைத்தவற்றை ஒரு துண்டின்மேல் பரப்பிக் காட்டினான்: சோடா மூடிகள், லாட ஆணிகள், ஒடிந்த கொழு, விக்டோரியா மகாராணி தலை பொறித்த காலணா ஒன்று. ரோமாபுரி வரவில்லை. அவன் முகத்தில் ஏமாற்றம். அப்போதுதான் வரப்போரத்தில் கிடந்த குவியலைக் கண்டோம். தோண்டும்போது இடைஞ்சலாக இருந்ததென்று எறிந்த பானை ஓடுகள். ஒன்றை எடுத்துத் துடைத்தோம். உட்புறம் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. விளிம்பு கருங்கல் போல வழவழப்பு. ஈராயிரம் ஆண்டுக்கு முன் தமிழர் உண்ட கலங்களின் வகை அது.

“தம்பி, இது எந்தக் குழியிலிருந்து வந்தது?”

அவன் சுற்றிலும் பார்த்தான். இருபதுக்கும் மேற்பட்ட குழிகள். “தெரியவில்லை ஐயா. கருவி இதற்குச் சத்தம் போடவில்லையே” என்றான்.

நம் இழுப்பறைக் காசை நினைத்து, கடிந்துகொள்ள மனம் வரவில்லை. மறுநாள் அவனே ஓர் ஏட்டை எடுத்துக்கொண்டு, தோண்டாத தென்மேற்கு மூலையில் மேலாகவே தெரிந்த ஓடுகளைத் தொடாமல் படம் எடுத்தான். வரப்பிலிருந்து எத்தனை அடி என்று அளந்தான். சர்வே எண்ணோடு எழுதித் தந்தையிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினான். நண்பர் அதன் பிரதி ஒன்றைச் செங்கற்பட்டுக்கு அனுப்பினார். நிலம் கைமாறிவிட்டது. அங்கே இப்போது கம்பிகள் கட்டிக் காங்கிரீட் ஊற்றியிருக்கிறார்கள். அந்த மூலையைப் பற்றி இவ்வுலகில் எஞ்சியிருப்பது அவ்வேட்டின் இரண்டு பக்கங்கள் மட்டுமே.

பார்ப்பதில் என்ன பாவம் என்று கேட்ட நண்பருக்கு நம் விடை இதுதான்: பார்ப்பதில் பாவமில்லை. எங்கே பார்த்தோம் என்பதை மறப்பதுதான் இழப்பு. அதை ஈடு செய்ய எந்தப் பொன்னாலும் ஆகாது. உவமையில் வரும் மனிதன் புதையலோடு நிலத்தையும் வேண்டினான். நாமோ நிலத்தை விற்றுவிட்டுப் புதையலை மட்டும் தேடுகிறோம். சீசரின் உருவம் பொறித்தது சீசருக்கு உரியது என்றால், நம் முன்னோரின் கைவிரல் பதிந்த அந்த ஓடு யாருக்கு உரியது? நமக்குப் பின் வருவோர் கேட்கும்போது காட்டுவதற்கு, இரண்டு பக்கமேனும் நம்மிடம் இருக்கட்டும்.